தண்ணீருக்குப் பசி

மனைவி தோள்வரை நீளும் ரப்பர் கையுறையை எடுத்து மாட்டினாள். அதைப் பார்த்ததுமே அவர் பார்வை சுவரோரம் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை காலை. கூடத்துச் சுவரோரம் கட்டில் நீளத்துக்கு ஒரு கடல்தண்ணீர்த் தொட்டி. உள்ளே கற்கள், பவளங்கள், சில மீன்கள். அதற்கு நேர் எதிரே சாய்வு நாற்காலியில் அவர். அவருடைய வலது கை மடியிலிருந்த தலையணைமேல் கிடந்தது, யாரோ வைத்துவிட்டு எடுக்க மறந்த பொட்டலம்போல.

கற்களின்மேல் பழுப்பு நிறத்தில் சளி படர்ந்திருந்தது. அதிலிருந்து நூல் நூலாய்த் தொங்கல்; ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு காற்றுக்குமிழி. கடலுக்கே ஜலதோஷம் பிடித்ததுபோல இருந்தது.

"இன்னிக்கு இத ஒரு கை பாத்துடறேங்க," என்றாள் மனைவி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷைத் தூக்கிக் காட்டி. "நீங்க சும்மா உக்காந்து பாருங்க. மத்தியானத்துக்குள்ள பளிச்சுனு ஆயிடும்."

தொடாதே என்று சொல்ல வாயைத் திறந்தார். "ம்ம்ப்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"தெரியுதுங்க. உங்களாலயும் பாக்க முடியல. இதோ, ஆச்சு."

தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு அவள் தேய்க்க ஆரம்பித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள உயரமான கட்டிடங்களில் பாதியின் இருட்டுக் குழிகளுக்குள் கயிறும் கிரீஸுமாகத் தொங்கிப் பிழைத்தவர். பகல் முழுக்க இருட்டில் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இந்த நீல வெளிச்சத்துக்கு முன்னால் உட்கார வேண்டும். உட்கார்ந்தால்தான் காப்பி இறங்கும். அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள், ஒரு கட்டிடத்தின் மொட்டைமாடி மோட்டார் அறையில், தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வலது பக்கம் போயிற்று. பேச்சும் போயிற்று.

மற்றவர் பேசுவது அத்தனையும் புரிந்தது. சொல்ல வேண்டியதும் மனதுக்குள் முழுசாக இருந்தது. கிளம்பும், வாய்க்கு வரும் வழியில் எங்கோ நின்றுவிடும். எழுதட்டுமே என்று இடது கையில் பேனாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். எழுத்தும் அதே வழியில்தான் சிக்கியிருந்தது. தலையையாவது ஆட்டட்டும் என்றால், அது இன்னும் மோசம். ஆமாம் என்று நினைத்தால் பக்கவாட்டில் ஆடும். இல்லை என்று நினைத்தால் மேலும் கீழும் ஆடும். சில நாள் நல்ல பிள்ளையாகச் சரியாகவும் ஆடும். எந்த நாள் எப்படி என்பது அந்தத் தலைக்கே தெரியாது.

இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட் எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். எத்தனை பேரை அப்படி வெளியே எடுத்திருக்கிறார்! உள்ளே இருப்பவர் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருப்பார். மணி எங்கேயோ அடிக்கும். இவர் போனதும் கதவைத் தட்டி முதலில் சொல்லும் வாசகம், "பயப்படாதீங்க, ஆள் வந்தாச்சு." இப்போது உள்ளே இருப்பது அவர். வெளியே ஆள் இல்லாமல் இல்லை. ஒன்றுக்கு இரண்டாக இருந்தார்கள். அதுதான் கஷ்டமே.

ஒருத்தி மனைவி. பெரிய ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவிகளை நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் பிரிவுக்கு அவள்தான் தலைமை. அங்கே அவளுக்கு 'நீராவியம்மா' என்று பட்டப்பெயர். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு கத்தரிக்கோல் அழுக்கோடு வெளியே போனதாகச் சரித்திரமே கிடையாது. இன்னொருவன் அவளுடைய தம்பி. எந்த விஷயத்தையும் ஒரு சாயங்காலம் வீடியோ பார்த்தே கரைத்துக் குடித்துவிடுகிறவன் என்பதால் குடும்பத்தில் அவனுக்கு 'நிபுணர்' என்று பெயர். கிண்டலாக வைத்த பெயர்தான். அவன் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டுவிட்டான்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தொட்டியைக் கவனித்தது நிபுணர்தான். மீன் வாயைத் திறக்கும்போதெல்லாம் தீனி போட்டான். மீன் மூச்சு விடுவதே வாயைத் திறந்துதான் என்பதை அந்த வீடியோவில் யாரும் சொல்லவில்லை போலும். தின்னாத தீனி அழுகி, கற்களெல்லாம் பச்சை ரோமம் முளைத்து, தொட்டி சவரம் செய்யாத முகம்போல ஆயிற்று. அப்போது களத்தில் இறங்கியவள் நீராவியம்மா. தீனியை நிறுத்தினாள். தண்ணீரை மாற்றினாள், மறுபடி மாற்றினாள். அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளும் ஸ்கிம்மர் குழாயை முழு வேகத்தில் ஓடவிட்டாள். பாசிக்குத் தீனியான பாஸ்பேட்டை உறிஞ்சும் துருநிறக் குருணையைப் பைபையாகப் போட்டாள். பச்சை ஒழிந்தது. அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து வீட்டுக்குள் தள்ளி வந்த அன்று தொட்டி பளிங்காக மின்னியது.

"எப்படி?" என்று கேட்டாள், முகமெல்லாம் சிரிப்பாக.

அவர் ஆடிப்போனார். அந்தத் தண்ணீர் அநியாயத்துக்குச் சுத்தமாக இருந்தது. கண்ணாடியில் ஒரு பொட்டுப் பச்சை இல்லை. கடல்தொட்டி வைத்திருப்பவனுக்கு அதைவிடக் கெட்ட சகுனம் கிடையாது. தொட்டிக்குள் இருக்கும் உயிர் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் அழுக்கு வேண்டும். நல்ல பாசி, கண்ணுக்குத் தெரியாத பூச்சி, பவளம் எல்லாம் அந்த அழுக்கைத் தின்றுதான் உயிர் வாழ்கின்றன. அதை முழுக்கத் துடைத்தால் அவை பட்டினியில் சாகும். காலியான இடத்தில், ஒன்றுமில்லாததிலும் உயிர் வாழத் தெரிந்த ஒரு ஜென்மம் வந்து குடியேறும். பழுப்புச் சளி. அதைத் தேய்க்கத் தேய்க்கத் தண்ணீர் இன்னும் சுத்தமாகும். சுத்தமாக ஆகத்தான் அது தழைக்கும். அதை விரட்ட ஒரே வழி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, மீனுக்கு நன்றாகத் தீனி போட்டுத் தண்ணீரை அழுக்காக்குவது.

இத்தனையும் அவர் மண்டைக்குள் அச்சடித்ததுபோல இருந்தது. வெளியே வந்தது, "ம்ம்ப்."

"சந்தோஷத்துல பேச்சே வரல மாமாவுக்கு," என்றான் நிபுணர்.

அடுத்த வாரமே பழுப்பு வந்தது. அவள் பிரஷ்ஷை எடுத்தாள்.

மீன்களைப் பற்றி அவருக்குப் பெரிய பயமில்லை. அவை மெலிந்தாலும் தாங்கும். பயமெல்லாம் நடுவில் இருந்த சுத்தியல் பவளத்தைப் பற்றித்தான். கல்போன்ற கிளைகள், ஒவ்வொரு கிளை நுனியிலும் பச்சைப்பொன் நிறத்தில் ஒரு கொத்து விரல்கள், ஒவ்வொரு விரலின் நுனியும் குட்டிச் சுத்தியல்போல. வாங்கியபோது கட்டைவிரல் தடிமனில் ஒரே கிளை. வருஷக்கணக்கில் வளர்ந்து, இப்போது இரண்டு கையாலும் அள்ள வேண்டிய பெரிய கொத்து. வேலை விட்டு வந்ததும் அவர் முதலில் எட்டிப் பார்ப்பது அதைத்தான். அதனால் மனைவி அதற்கு 'சக்களத்தி' என்று பெயர் வைத்திருந்தாள். "போங்க, உங்க சக்களத்திய விசாரிச்சுட்டு வாங்க. அப்புறமா என்கிட்ட பேசலாம்," என்பாள்.

இப்போது அந்தச் சக்களத்தியைக் காப்பாற்றத்தான் அவள் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தொட்டிக்கு முன்னால வெச்சாதாண்டா அவர் கண்ணுல உயிர் வருது," என்று தம்பியிடம் அடிக்குரலில் சொன்னது அவர் காதில் விழுந்தது. பேச முடியாதவருக்குக் காதும் கேட்காது என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. "அது செத்துதுன்னா இவரும் விட்ருவார்டா. எனக்குப் பயமா இருக்கு."

ஆகவே அவள் தேய்த்தாள். கொத்தில் கிளை கிளையாக விரல்கள் சுருங்கி உள்ளே போயின. போன கிளையில் வெள்ளை எலும்பு மிஞ்சியது. கண்ணாடியில் ஊர்ந்த நத்தைகள் சளியைத் தின்று மல்லாந்து விழுந்தன.

*

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வந்தாள். இளம் வயது, நிதானமான குரல். முதல் நாளே ஓர் அட்டையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். கட்டம் கட்டமாகப் படங்கள்: குடிக்கிற தண்ணீர், சாப்பாட்டுக் கிண்ணம், கட்டில், கழிப்பறை, வலியில் முகம் சுளிக்கும் மனிதன், மின்விசிறி, இப்படி.

"என்ன வேணுமோ அந்தப் படத்தைத் தொடுங்க சார்."

அட்டையைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. லிஃப்டுக்குள் இருக்கும் பொத்தான் பலகை! ஆனால் அவர் போக வேண்டிய மாடிக்கு அதில் பொத்தானே இல்லை. தேய்க்காதே என்பதற்குப் படம் இல்லை. பாஸ்பேட்டுக்குப் படம் இல்லை.

"இன்னொண்ணு," என்று அந்தப் பெண் மனைவியின் பக்கம் திரும்பினாள். "அவர் ஏதாவது சொல்ல முயற்சி பண்ணினா நீங்க முந்திக்கிட்டு முடிக்காதீங்க. யூகிக்காதீங்க. எவ்வளவு நேரமானாலும் காத்திருங்க. வெளியில நீங்க சத்தம் போட்டா அவருக்கு உள்ள இருக்கற வார்த்தை ஓடிப் போயிடும்."

"அதெல்லாம் கரெக்டா பண்ணிடுவோம்," என்றான் நிபுணர், அவள் முடிப்பதற்குள்.

அந்தப் பெண் போன கொஞ்ச நேரத்தில் அவர் "ப்..." என்று ஆரம்பித்தார்.

"பாத்ரூமா?" என்றாள் மனைவி.

"பல்வலிக்கா," என்றான் நிபுணர். "தாடையப் பாரு, இறுக்கறாரு."

"பசிக்குதாங்க?"

"படுக்கணுமாம். மாமா, படுக்கணும், அதானே?"

தலை அதன் இஷ்டத்துக்கு மேலும் கீழும் ஆடியது. தூக்கிக் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டார்கள். பட்டப்பகலில், துளித் தூக்கம் இல்லாமல், கூரையைப் பார்த்தபடி கிடந்தார். கூடத்தில் பிரஷ் சத்தம் கேட்டது.

வார்த்தை வராதபோது காலாவது வரட்டும் என்று ஒரு நாள் முயன்றார். இடது கால் நல்ல நிலையில்தான் இருந்தது. தொட்டிக்கு அடியில், அலமாரிக் கதவோரம், ஸ்கிம்மருக்கான சுவிட்ச். யாருமில்லாத நேரம் பார்த்து, நாற்காலியில் சரிந்து, செருப்பை உதறிவிட்டு, கட்டைவிரலால் எட்டி அமுக்கினார். நுரை அடங்கியது. வேலைக்குப் போன காலத்தில் ஒரு பெரிய கட்டிடத்து மோட்டாரை ஓடவைத்தபோதுகூட அவருக்கு அவ்வளவு பெருமை வந்ததில்லை.

சாயங்காலம் நிபுணர் குனிந்து பார்த்தான். "அடடா! யாரோ ஆஃப் பண்ணிட்டாங்கக்கா. அதான் பழுப்பு கூடுது. கரெண்ட் ஏறி இறங்கினா தானா ஆஃப் ஆகும், வீடியோல சொன்னான்." சுவிட்சைப் போட்டு அதன்மேல் டேப் ஒட்டினான். ஒன்றுக்கு இரண்டாக. பிறகு நாற்காலியை ஒரு முழம் பின்னால் இழுத்தான். "மாமா சறுக்கிச் சறுக்கி வந்துடறாரு. விழுந்தா என்ன ஆகறது?"

அவருக்குச் சட்டென்று ஒரு யோசனை தோன்றியது. அட்டையில் சாப்பாடு இருக்கிறதே! சாப்பாடு மீனுக்கும்தானே?

மறுநாள் கிண்ணப் படத்தைத் தொட்டார். உடனே விரலைத் தொட்டியை நோக்கி நீட்டினார்.

"தொட்டிகிட்ட உக்காந்து சாப்பிடணுமா? ஆகட்டுங்க!" மனைவி நாற்காலியைத் தொட்டியை ஒட்டித் தள்ளினாள். காய்கறி சூப் வந்தது. குடித்தார். மறுபடி கிண்ணத்தைத் தொட்டார். மசித்த உருளைக்கிழங்கு வந்தது. தின்றார். மறுபடி தொட்டார்.

"அக்கா, மாமாவுக்கு நல்ல பசி வந்துடுச்சு. நல்ல அறிகுறி!"

வாழைப்பழம் வந்தது. பிஸ்கெட் பாலில் ஊறி வந்தது. கண்ணில் நீர் முட்ட அவர் விழுங்கிக்கொண்டிருந்தார். ஓர் அங்குலக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தீனிக்கு ஏங்கி இரண்டு ஆரஞ்சு மீன்கள் அவரையே பார்த்தபடி நின்றன. அவள் அடுத்த கரண்டியை வாய்க்கருகில் கொண்டுவந்தாள். அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"போதும்," என்றார்.

கரண்டி அப்படியே நின்றது.

"என்ன சொன்னீங்க?"

அவருக்கே தெரியவில்லை. வார்த்தை அவரைக் கேட்காமல் தானாக வெளியே வந்து விழுந்திருந்தது.

"போதும்னாரு! அக்கா, போதும்னு சொன்னாரு!" நிபுணர் நாற்காலியைச் சுற்றி ஓடினான். மனைவி கரண்டியோடு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். தோளெல்லாம் பாலும் பிஸ்கெட்டும். உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் பறந்தது. "பேசிட்டார்! ஆமா, தெளிவா! இருங்க, சொல்லச் சொல்றேன்... என்னங்க, பெரியம்மா லைன்ல இருக்காங்க, ஒரு தடவை சொல்லுங்க. போ... தும்... சொல்லுங்க."

போன் காதில் அழுத்தியது. அவர் வாயைத் திறந்தார். "ம்ம்ப்."

"பரவால்ல, பரவால்ல, களைச்சுட்டார்," என்றாள்.

அவர் களைக்கவில்லை. உள்ளே துள்ளிக்கொண்டிருந்தார். போதும்! எவ்வளவு அருமையான வார்த்தை! சாப்பாட்டுக்குச் சொன்னால் சாப்பாடு நிற்கும். தேய்ப்புக்குச் சொன்னால் தேய்ப்பு நிற்கும். இந்த ஒரு வார்த்தை கையில் இருந்தால் சக்களத்தி பிழைத்தாள். மறக்காமல் இருக்க மனதுக்குள் அதை உருட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை, கையுறை வந்தது. பிரஷ் வந்தது. அவர் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் தண்ணீருக்குள் கையை விட்டாள். இப்போது!

"ப்... ப்ப்..."

"பாக்கத்தாங்க போறேன் உங்க ஆளத்தான் முதல்ல," என்று சொல்லிக்கொண்டே பவளத்துக்கு அடியில் பிரஷ்ஷைக் கொடுத்தாள்.

"ப்ப்... ம்ம்ப்..."

நெற்றி நரம்பு புடைத்தது. வியர்த்தது. வார்த்தை அங்கேதான், கதவுக்கு உள்பக்கம், நின்றுகொண்டிருந்தது. அவரால் தொட்டுப் பார்க்க முடிந்தது. கதவுதான் திறக்கவில்லை. கொத்தில் இன்னும் ஒரு கிளையின் சதை, பிரஷ் பட்டதும், ஈரக் காகிதம்போலப் பிய்ந்து தண்ணீரில் மிதந்தது.

அவள் அதைக் கையில் ஏந்திப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். குழாய்ச் சத்தத்துக்கு மேல் அழுகைச் சத்தம் கேட்டது.

*

முடிவைக் கொண்டுவந்தவன் நிபுணர்.

"கல்லுலதான்கா வேர் இருக்கு. எவ்வளவு தேய்ச்சாலும் உள்ள ஒளிஞ்சிருக்கும். பவளத்தையும் மீனையும் வாளியில போட்டுட்டு, மொத்தத் தண்ணியயும் கொட்டிட்டு, கல்ல எல்லாம் எடுத்துக் கொதிக்க வெச்சுடணும்."

மனைவியின் முகம் மலர்ந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளுக்குத் தெரிந்த பாஷையில் ஒருவன் பேசியிருக்கிறான். "கொதிக்க வெக்கறது எதுக்குடா? நீராவி இருக்கும்போது! நம்ம ஆஸ்பத்திரியில பழைய மெஷின் ஒண்ணு சும்மாதான் கிடக்கு. ஞாயித்துக்கிழமை கேட்டா தருவாங்க. உள்ள வெச்சு எடுத்தேன்னா ஒரு கிருமி மிஞ்சாது."

அவர் கற்களைப் பார்த்தார். அந்தக் கல்லில் இருந்த கிருமிதான் தொட்டியின் உயிர். அதை வேக வைத்தால் மிஞ்சுவது சுண்ணாம்பு. வாளித் தண்ணீரில் சக்களத்தி ஒரு பகல் தாங்குவாளா?

"பாருடா, கேட்டதும் அவர் முகமே மாறிடுச்சு," என்றாள் மனைவி.

"பின்ன? மாமாவுக்குத் தெரியாதா!"

சனிக்கிழமை சாயங்காலம் வாளிகள் வந்து கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தன. அவள் சூப் கிண்ணத்தோடு வந்து அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள். கரண்டி உயர்ந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை.

"பசிக்கலையா?"

இடது கையால் அட்டையில் கிண்ணத்தைத் தொட்டார்.

"அதாங்க இது. சாப்பிடுங்க."

வாயைத் திறக்கவில்லை. மறுபடி கிண்ணத்தைத் தொட்டார். அவள் கரண்டியைக் கொண்டுவந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடி தொட்டார். மறுபடி திருப்பிக்கொண்டார். அவள் பொறுமை அன்று காலையிலிருந்தே நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அறுந்தது.

"என்னதாங்க வேணும் உங்களுக்கு? கேக்கறீங்க, குடுத்தா வேணாங்கறீங்க! நான் என்ன மந்திரக்காரியா, உங்க மனசுக்குள்ள புகுந்து பாக்க? அங்கயும் நிக்கணும், இங்கயும் நிக்கணும், அந்தச் சனியன் பிடிச்ச தொட்டியயும் தேய்க்கணும்... சொல்லித் தொலைங்களேன்!"

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவருக்கோ மனசு குளிர்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து எல்லோரும் அவரைக் குழந்தையைப்போலக் கொஞ்சியிருந்தார்கள்; ஒருத்தரும் திட்டியதில்லை. இப்போதுதான் பெண்டாட்டி பெண்டாட்டியாகப் பேசியிருக்கிறாள். அந்தத் தெம்பில் இடது கையை நீட்டி, கரண்டி பிடித்த அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மெல்ல அதைத் தன் வாயிலிருந்து தள்ளி, தொட்டிப் பக்கம் திருப்பி, கண்ணாடியில் கரண்டி இடிக்கும்வரை கொண்டுபோனார். டங்.

ஆரஞ்சு மீன்கள் இரண்டும் ஓடிவந்தன.

"மீனுக்கா?" என்றாள்.

நல்ல வேளை, அன்று தலை சரியாக ஆடியது.

"மாமா கடைசியா ஒரு விருந்து வெக்கச் சொல்றாருக்கா," என்றான் நிபுணர் வாளிகளுக்கு நடுவிலிருந்து. "நாளைக்கு வாளிக்குப் போகுதுங்கல்ல, அதுக்கு."

அலமாரி மூலையிலிருந்து தீனி டப்பா வந்தது. ஒரு சிட்டிகை போட்டாள். அவர் படத்தைத் தொட்டார். இன்னொரு சிட்டிகை. தொட்டார். "தண்ணி அழுக்காயிடுங்க," என்றாள் தவிப்போடு. தொட்டார். அவள் போட்டாள். மறுநாள் காலை வாளியைத் தூக்கியபோதும் அவர் விடவில்லை; கிண்ணத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தார். அவர் கண்ணிலிருந்து நீர் நிற்காமல் வழிந்தது.

"வாளிய உள்ள வைடா," என்றாள் கடைசியில். "அடுத்த ஞாயிறு பாத்துக்கலாம்."

"அதுக்குள்ள மொத்தமும் போயிடும்கா!"

"போனாப் போகட்டும். நான் இவர அழவெச்சு அது போகக் கூடாது."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்துதான் செய்தாள் என்று சொன்னால் அது பொய். வேறு எதைச் செய்வதென்று தெரியாமல், அவர் விரல் படத்தில் படும்போதெல்லாம் தீனி போட்டாள். ஆஸ்பத்திரியில் வேலை குவிந்தது. பிரஷ் காய்ந்து கிடந்தது. ஸ்கிம்மர் மட்டும் டேப்புக்கு அடியில் ஓயாமல் நுரைத்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றிச் சொல்ல அவருக்கு வழியே இல்லை.

அடுத்த ஞாயிறும் வந்து போனது. அதற்கடுத்ததும் போனது. கொத்தில் வெள்ளை எலும்புகளுக்கு நடுவே இரண்டே கிளைகளில் சதை மிஞ்சியிருந்தது. அவையும் பாதி சுருங்கித்தான் கிடந்தன. பிழைக்குமா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. வாயிருந்தாலும் அதற்குப் பதில் இருந்திருக்காது.

அப்புறம் ஒரு காலை, ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்தபோது, கண்ணாடியின் கீழ் மூலையில் அதைப் பார்த்தார். பச்சை. தூசிபோல, மூச்சு விட்டால் கலைந்துவிடும்போல, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைப் பூச்சு. தண்ணீர் பசியாறத் தொடங்கியிருந்தது. நல்ல பாசி திரும்பி வந்துவிட்டது. அது நிலைத்தால் பழுப்புக்கு இடமில்லை. இடது கையால் அந்த மூலையைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே தடவிக் கொடுத்தார்.

"என்னங்க காட்டறீங்க?" மனைவி குனிந்து பார்த்தாள். "ஐயோ, மறுபடி பச்சையா!"

ஓடிப்போய்ச் சுரண்டியோடு வந்தாள். கண்ணாடியை வழிக்கும் தகடு. ஒரே இழுப்பு, அந்தப் பச்சை இருந்த இடம் தெரியாது.

"ப்..." என்றார் அவர்.

"இதோங்க, ஒரு நிமிஷம்..."

"ப்ப்..."

தகடு தண்ணீரைத் தொட்டது. அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். ஏன் திரும்பினாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த முகம் சிவந்து, நரம்பு புடைத்து, ஒரு மலையை உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருந்தது.

"பச்சையாம்கா," என்றான் நிபுணர், நாளிதழைத் தாழ்த்தி. "பச்சைய எடுன்னு சொல்ல வர்றாரு. மாமா, பச்சை, அதானே..."

"வாய மூடுடா."

நிபுணர் வாயை மூடினான். அவன் வாழ்க்கையிலேயே அது முதல் தடவையாக இருக்கலாம்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்கு நேராக உட்கார்ந்தாள். சுரண்டியிலிருந்து உப்புத்தண்ணீர் அவள் மடியில் சொட்டியது.

"மெதுவா சொல்லுங்க," என்றாள். "நான் எங்கயும் போகல."

"ப்..."

கூடத்தில் ஸ்கிம்மரின் நுரைச் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே அவர்கள் குடியிருந்த கட்டிடத்து லிஃப்ட் கிறீச்சிட்டபடி மேலே போயிற்று. திரும்பிக் கீழே போயிற்று. நிபுணரின் உதடு இரண்டு தடவை துடித்து அடங்கியது. அவள் யூகிக்கவில்லை. கேட்கவில்லை. உட்கார்ந்திருந்தாள்.

அவர் இன்னும் அந்த முதல் எழுத்திலேயே நின்றுகொண்டிருந்தார். சுரண்டி அவள் கையில் இருந்தது. கண்ணாடியில் பச்சை இருந்தது.